கூரைக்குக் கொடுத்த பணம்

கூரை இல்லாத வீட்டிலிருந்து சினிமாப் பாட்டு வந்துகொண்டிருந்தது.

எம்பார் நின்றுவிட்டார். "கேட்டீரா, ஓய்? உம்ம சிகாகோ பேராசிரியர் பாடறார்."

ராமானுஜம் அந்த வீட்டைப் பார்த்து நடையை எட்டிப் போட்டார்.

புயல் போய் ஒரு மாசம் இருக்கும். பழவேற்காடு ஏரி ஒன்றுமே நடக்காத மாதிரி, பால் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் தண்ணீரில் மிதக்கும் இளஞ்சிவப்பு மேகமாகத் தெரிந்தன. கரையோரக் காலனியின் மண்சுவர்கள் மட்டும்தான் நடந்ததை மறக்கவில்லை. பாதி சுவர்கள் மொட்டையாகவே நின்றன.

திருவள்ளூரில் நிவாரணத்துக்கு வசூல் செய்தபோது, கோயில் கைங்கரியம் பார்க்கும் எம்பார், கீற்றும் மூங்கிலும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார். காலேஜில் எக்கனாமிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் ராமானுஜம் ஒப்புக்கொள்ளவில்லை.

"பணமாக் கொடுங்கோ. அவாளுக்கு என்ன வேணும்னு அவாளுக்குத் தெரியும். போன வருஷம் நோபல் பரிசு வாங்கினாரே சிகாகோ பேராசிரியர், அவர் இதைத்தான் தலைதலையா அடிச்சுக்கறார். ஏழைக்கு எது நல்லதுன்னு சர்க்கார் தீர்மானம் பண்ணக் கூடாது. நாமும் பண்ணக் கூடாது. கையில காசைக் கொடு, எதுக்குச் செலவழிச்சேன்னு கேக்காதே!"

"குடிச்சுத் தீத்துட்டா?"

"அது அவா சுதந்திரம்."

பேச்சில் அவரை யார் ஜெயிப்பது? பணமாகவே கொடுத்தார்கள்.

இன்று எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க இரண்டு பேரும் ஆரம்பாக்கத்தில் ரயில் இறங்கி நடந்து வந்திருந்தார்கள். முதல் வீட்டில் புதுக் கீற்று. அடுத்த வீட்டில் ஒருவர் வலை வாங்கியிருந்தார். இன்னொரு வீட்டு வாசலில் பால் ஆடு.

"பாத்தீரா, பாத்தீரா" என்று குழந்தை மாதிரி பூரித்துப்போனார் ராமானுஜம். அதற்கப்புறம் அவர் கால்தான் இங்கே நடந்தது. மனசு எங்கேயோ ஒரு பெரிய ஹாலில் மேடையேறி, இந்தக் காலனியைப் பற்றி இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டது. கைதட்டல்கூடக் கேட்டது.

கடைசி வீட்டுப் பாட்டுதான் அவரைக் கீழே இறக்கியது.

அந்த வீட்டுக்காரி ரோசம்மாள் முறத்தில் இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே வெறும் வானம். சுவரில் அடித்த ஆணியில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கியது.

"என்னம்மா இது?"

"ரேடியோ சார். கும்முடிப்பூண்டில பழசு ஒண்ணு கெடச்சுது."

"நாங்க கொடுத்த பணத்திலயா?"

"ஆமா சார். குந்துங்க சார்."

எம்பார் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு ராமானுஜத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

"உனக்குப் புத்தி இருக்காம்மா? ராத்திரி மழை கொட்டினா எங்கே படுப்பே? நீ பாட்டுக் கேக்கறதுக்கா நாங்க வீடு வீடா ஏறி இறங்கினோம்? பேசாம உங்களுக்கெல்லாம் கீத்தாவே கொடுத்திருக்கணும்!"

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது தன் வாய் என்று அவருக்கே உறைத்தது.

"கேக்கக் கூடாதுன்னீரே, ஓய்" என்றார் எம்பார், மெதுவாக.

ரோசம்மாள் கோபப்படவில்லை. பாட்டு முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள்.

அதற்காகவே காத்திருந்த மாதிரி, காலனியே அந்த வாசலுக்கு வந்தது. இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் வந்தார்கள். தோளில் வலையோடு, படகுக்குப் புறப்பட்ட ஆண்களும் வந்தார்கள்.

"இன்னா சொல்றான் ரோசக்கா?"

"கம்முனு கேளு, தாவீது."

ரேடியோவில் ஒரு குரல் நிதானமாகப் படித்தது. வங்கக் கடலில் காற்றழுத்தம். இரவு பலத்த காற்றும் மழையும் இருக்கும். மீன் பிடிக்க யாரும் போக வேண்டாம்.

ஏரியைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. அத்தனை அமைதி. ஆனாலும் தாவீது தோளிலிருந்த வலையை இறக்கினான். மற்றவர்களும் இறக்கினார்கள். ஒருத்தி தன் புருஷன் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

வாசல் காலியானதும் ரோசம்மாள் சொன்னாள்.

"போன தபாகூட ரேடியோல முன்னாடியே சொன்னாங்களாம் சார், புயல் வருதுன்னு. இந்தக் காலனில யாராண்டயும் ரேடியோ இல்ல. எங்க ஊட்டுக்காரரும் புள்ளையும் எறா புடிக்கப் போனாங்க. இன்னிக்கு மாரியேதான் இருந்துச்சு ஏரி."

எம்பார் தலையைக் குனிந்துகொண்டார்.

ராமானுஜம் அண்ணாந்து பார்த்தார். வானத்தின் ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. "இந்த மழைக்கு நீ... உனக்குக் கூரை..." என்றார்.

"நா எங்கனா ஒண்டிக்குவேன் சார். எனக்குத்தான் இனிமே ஏரிக்குப் போறதுக்கு யாரும் இல்ல. இவுங்களுக்கெல்லாம் கீறாங்களே."