தண்ணி கலந்த சென்ட்

"ஆமா, எனக்குள்ள பாதி தண்ணிதான். அதுக்காக என்னைக் குப்பைக்கூடைக்குப் போகச் சொல்ல நீ யாருடி?" மெஹரோட மேசையில இருந்த பழைய சென்ட் பாட்டில், போன மாசம் வந்த புது பாட்டில்மேல எகிறுச்சு. சீப்பும் பவுடர் டப்பாவும் கேட்டுக்கிட்டிருந்துச்சுங்க.

"தண்ணி யாரு ஊத்தினான்னு தெரியுமா உனக்கு?"

கேக்கும்போதே பழசுக்கு அந்தக் கோடை ஞாபகம் வந்துடுச்சு. மிளகாத்தூள் தூவின அன்னாசிப்பழமும் துளி ஏலக்காயுமா மணக்கும் அப்போ அதோட சென்ட். ஹாஸ்டல் ரூம்ல மெஹரும் ஸ்டெல்லாவும் அதைப் பங்கு போட்டுத்தான் அடிச்சுக்குவாங்க. பரீட்சை முடியறதுக்குள்ள தீர்ந்துடும்போல இருந்துச்சு. கடைசி நாள் வரைக்கும் வரட்டும்னு ஸ்டெல்லா தண்ணிய ஊத்திக் குலுக்கிட்டா. வாசம் பாதியாப் போச்சு. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. பரீட்சை முடிஞ்சு ஊருக்குப் போன ஸ்டெல்லாவை மெஹர் அப்புறம் பாக்கவே இல்ல.

"வெளிய போறப்போ மெஹர் உன்னைத்தான் அடிச்சுக்கறா, ஒத்துக்கறேன்," பழசு விடுறதா இல்ல. "என்னை மூடியத் திறந்து மோந்து பாத்துட்டு அப்படியே வச்சிடறா. சீப்பும் பவுடரும் இங்கதான் இருக்காங்க, அவங்க முன்னாடியே சொல்லு. உன்னை மோந்து பாத்துட்டு அவ ஒரு தடவையாச்சும் கண்ணை மூடிக்கிட்டு நின்னிருக்காளா?"