நாற்பத்தேழுக்கு அடுத்தது

மனிதகுலத்தின் நாக்குக்கு இன்று விடுதலை என்று எங்கள் பழ ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் அறிவித்தார். ஒலிபெருக்கி கீச்சிட்டு ஆமோதித்தது.

முந்நூறு ஆரஞ்சுக் கன்றுகள். எல்லாம் காய்த்துப் பார்க்க ஏழெட்டு வருடம் ஆகும். கன்றுக்கோர் இலை கிள்ளி, மரபணுவைப் படித்து, எது அதிகம் இனிக்கும் என்று சொல்ல என் கணினி நிரலுக்கு ஒரு மதியம் போதும்.

சொன்னது: 47.

மற்றவற்றை வேரோடு பிடுங்கச் சொன்னது நான்.

அது இரண்டு வருடம் முன்பு. பிடுங்குவதற்கு முதல் நாள் தோட்டக்காரர் என் அறைக்கு வந்தார். கன்றுகளுக்கு ஒன்று, இரண்டு என்று தகரத்தில் எண் எழுதிக் கட்டியவர்.

“நாற்பத்தெட்ட மட்டும் விட்டுடுங்க சார். அவசரக்குடுக்கை, இப்பவே மூணு பழம் வச்சிருச்சு. ரெண்ட நானே தின்னுட்டேன். கல்கண்டு.” மூன்றாவதை மேசைமேல் வைத்தார்.

“கம்ப்யூட்டருக்கு நாக்கே கிடையாதுண்ணே. அதனாலதான் அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்றேன்.

அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் இரண்டு கருத்தரங்குகளில் மறுபடி சொன்னேன்.

மறுநாள் அவரே பிடுங்கினார். நாற்பத்தெட்டைக் கடைசியாக.

47 இந்த வருடம்தான் காய்த்தது. முதல் பழத்தை மேடையில்தான் சுவைக்க வேண்டும், அதுவரை யாரும் கைவைக்கக் கூடாது என்பது இயக்குநரின் உத்தரவு.

இதோ, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். இடது கண் தானாக மூடிக்கொண்டது. தேன் என்றார் மைக்கில், வலது கண்ணில் நீர் முட்ட. கைதட்டினோம்.

தட்டு என்னிடம் வந்தது. ஒரு சுளைக்கே பல்லெல்லாம் கூசியது.

தோட்டக்காரர் பந்தலோரம் நின்றிருந்தார். தட்டைத் தொடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

மடிக்கணினியைத் திறந்து நிரலைப் பார்த்தேன். தவறு கண்ணில் பட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தோட்டக்காரர் ஒன்றிலிருந்து எண்ணியிருந்தார். என் நிரல், நிரல்களின் வழக்கப்படி, பூஜ்யத்திலிருந்து எண்ணியிருந்தது. அதன் நாற்பத்தேழு, தோட்டத்தில் நாற்பத்தெட்டு.

கணினி பொய் சொல்லவில்லை. நாக்கு உள்ள தோட்டக்காரரும் சொல்லவில்லை.

அந்த மரத்தின் மரபணு என் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, மூன்று பிரதிகள். மரத்தில் ஒரு குச்சிகூட மிச்சமில்லை.

அந்த மூன்றாவது பழத்தை, மின்விசிறிக் காற்றில் அறிக்கை பறக்காமலிருக்க அதன்மேல் வைத்திருந்தேன். அழுகியதும் குப்பையில் போட்டேன்.