ஊரில் இல்லாதவரின் ஓட்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. டீக்கடை சாத்துக்குட்டி சொன்னார். அவர் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர். அதனால் என்னால் முடிந்ததைப் பிறகு சரிபார்த்துக்கொண்டேன்.

தேர்தலுக்கு எட்டு நாள் இருந்தது. கேரளத்தில் பையனூர் போகும் சாலையில் அவருடைய கடை. பெஞ்சில் குஞ்ஞம்புவும் ஹம்ஸாவும் புட்டு தின்றுகொண்டிருந்தார்கள். இருபது வருஷமாக எதிரெதிர்க் கட்சிகளின் பூத் ஏஜெண்டுகள்.

பவித்ரன் உள்ளே வந்தார். கையில் மடித்த காகிதம்.

“ஒரே பெஞ்சா? மைக்கைப் பிடிச்சா ஒருத்தனை ஒருத்தன் கிழிக்கிறீங்க?”

“கடையில இருக்கறதே ஒரு பெஞ்சுதான் பவித்ரேட்டா” என்றார் சாத்துக்குட்டி.

“கொடி ரெண்டு, திருட்டு ஒண்ணு. ரோட்டுல குழி தோண்டினது அவங்கன்னு இவன் சொல்லுவான், இவங்கன்னு அவன் சொல்லுவான். விழறது நான்.”

“அதுக்கும் மனு எழுதியாச்சா?” என்று கேட்டார் ஹம்ஸா.

“இது வேற மனு.”

பவித்ரன் வளைகுடாவுக்குப் போய், ஏதோ வழக்கில் மாட்டி, ஒன்பது வருஷம் அங்கே சிறையில் இருந்தவர். கடிதம் கிடையாது, போன் கிடையாது. ஐந்து மாதம் முன்னால் திடீரென்று வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

“நேத்து உங்க ஆளுங்க என் பேருக்கு பூத் சிலிப் கொடுத்துட்டுப் போனாங்க. ஜானு டீச்சர் ஆறு மாசம் மகள் வீட்டுக்குப் போனதுக்கே பட்டியல்ல பேரை வெட்டிட்டீங்க. ஒன்பது வருஷம் ஊர்லயே இல்லாதவன் பேரை மட்டும் ஏன் வெச்சிருந்தீங்க? நடுவுல நாலு தேர்தல். என் ஓட்டைப் போட்டது யாரு?”

குஞ்ஞம்பு கடலைக் கறியை ஊற்றிப் புட்டைப் பிசைந்தார்.

“சரி, என்கிட்ட வேண்டாம், தாசில்தார்கிட்டச் சொல்லுங்க” என்றார் பவித்ரன். “ பத்து மணி பஸ்ஸுக்குப் போறேன். ரெண்டு பேர் பேரையும் எழுதியிருக்கேன். கள்ள ஓட்டுன்னா ஜெயில், தெரியுமில்ல?”

“தெரியும்” என்றார் ஹம்ஸா. “பஸ் வர்ற நேரம்தான்.”

சாத்துக்குட்டிக்குப் பொறுக்கவில்லை. “இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன ஹம்ஸா இக்கா?”

“இல்லைன்னா, பின்ன ஏன் பேரை வெச்சிருந்தீங்கன்னு கேப்பார்” என்றார் குஞ்ஞம்பு தட்டைப் பார்த்தபடி.

அப்போதுதான் பவித்ரனின் மனைவி சௌமினி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“அந்தக் காகிதத்தை இப்படிக் கொடுங்க.”

“இது அரசியல் சௌமினி. உனக்குப் புரியாது.”

“எனக்கா புரியாது?”

“வேண்டாம் சேச்சி” என்றார் ஹம்ஸா.

அவள் கேட்கவில்லை. “நீங்க போன மூணாவது வருஷம், நீங்க செத்துட்டீங்கன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்தார். நம்ம வீட்டு ஆளுதான். பேரை வெட்ட அதிகாரி வந்தாங்க. வாசல்ல நின்ன அத்தனை பேரும் தலையாட்டினாங்க. எனக்கு வாயே வரல. இவங்க ரெண்டு பேரும்தான், செத்ததுக்குச் சான்று இல்லாம வெட்டக் கூடாதுன்னு ஒரே காகிதத்துல கையெழுத்துப் போட்டாங்க.”

பவித்ரன் இருவரையும் பார்த்தார்.

“ஒவ்வொரு தேர்தலுக்கும் உங்க சிலிப்பை என் கையில கொடுத்து, ‘ஆள் வந்தா அனுப்பி வை’ன்னு சொல்லிட்டுப் போவாங்க. நான் நெத்தியில பொட்டு வெச்சுக்கிட்டது அந்த ஒரு துண்டுக் காகிதத்தை நம்பித்தான்.”

“அப்ப என் ஓட்டு?” என்று கேட்டார் பவித்ரன். குரல் இறங்கியிருந்தது.

“நான் போட்டிருந்தா இவன் பூத்தையே தலைகீழாக் கவிழ்த்திருப்பான்” என்றார் குஞ்ஞம்பு.

“இவன் போட்டிருந்தா நான் மட்டும் சும்மா இருந்திருப்பேனா?” என்றார் ஹம்ஸா. “சண்டை போடறோம் சண்டை போடறோம்னு திட்டறீங்களே, அந்தச் சண்டைதான் உங்க ஓட்டுக்குக் காவல் நின்னுச்சு.”

“நம்ம வீட்டு ஆளுன்னா… தம்பியா?”

“அதை நீங்க கேட்டுடக் கூடாதுன்னுதான், ஜெயிலுக்கே போனாலும் போறோம்னு வாயை மூடிக்கிட்டு இருந்தோம்” என்றார் குஞ்ஞம்பு. “இனியும் கேக்காதீங்க.”

பத்து மணி பஸ் வந்து நின்றது. இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

பவித்ரன் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார்.

“அங்க உள்ள கிடந்தப்ப, ஊர்ல எவன் நம்ம பேரைச் சொல்லப் போறான்னு தினமும் நினைப்பேன்…”

ஹம்ஸா தன் தட்டை அவர் பக்கம் தள்ளினார். “தின்னுங்க. எட்டு நாள் கழிச்சு வந்து உங்க ஓட்டை நீங்களே போடுங்க.”

“யாருக்குன்னு நாங்க கேக்க மாட்டோம்” என்றார் குஞ்ஞம்பு.

“நான் கேப்பேன்” என்றார் ஹம்ஸா.

சாத்துக்குட்டி சொன்னது இவ்வளவுதான். தேர்தல் முடிந்த பிறகு, குஞ்ஞம்புவிடமும் ஹம்ஸாவிடமும் ஓட்டுப் போட்டவர்களை அவரவர் கட்சி குறித்து வைத்த பழைய வாக்காளர் பட்டியல்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாலு தேர்தல்களிலும் பவித்ரன் ஓட்டுப் போட்டதாக எந்தப் பட்டியலிலும் குறி இல்லை.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், இந்த ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று தங்கள் கணிப்பையும் கட்சிக்காரர்கள் எழுதி வைப்பார்கள். பவித்ரன் பெயருக்குப் பக்கத்தில் குஞ்ஞம்பு எழுதியிருந்தது, ஹம்ஸாவின் கட்சி. ஹம்ஸா எழுதியிருந்தது, குஞ்ஞம்புவின் கட்சி.