யுவராணியின் பெயர்

ஜூன் மாதக் காலை வெயில் பத்தாம் வகுப்பு ஜன்னல் வழியே பெஞ்சுகளின் மேல் விழுகிறது. வகுப்பெங்கும் புது நோட்டின் வாசனை. வெளியே, உப்பளங்களில் குவித்துவைத்த உப்பு கண்ணைக் கூசவைக்கிறது. சூர்யகலா டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். பள்ளி திறக்கும் நாள் அவருக்கு எப்போதும் பண்டிகைதான். இன்றைக்கு மட்டும் யுவராணியின் பெயரில் பேனா தயங்கி நிற்கிறது. லீவில் உப்பள வேலைக்குப் போன பெண் இனிப் படிக்க வரமாட்டாள் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். டீச்சர் இரண்டு முறை தேடிப் போய்ப் பேசியும் அவர்கள் பிடிகொடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக மனம் வராமல் உரக்கவே கூப்பிடுகிறார். “யுவராணி!” இன்னொரு முறை கூப்பிடுகிறார். “உள்ளேன் டீச்சர்!” குரல் வாசலிலிருந்து வருகிறது. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, மடிப்பைப் பிரித்து நீளமாக்கிய பழைய யூனிஃபார்ம், உப்பில் வெடித்த விரல்கள். பின்னால் மூச்சிரைக்க அவள் அம்மா. “பஸ்ஸ வுட்டுட்டோம், நடந்தே வர்றோம். உப்பளத்துல நான் ஒருத்தியே பாத்துக்கிறேன். இவ படிக்கட்டும் டீச்சர்.” உள்ளே வா என்று சொல்ல டீச்சர் வாயெடுக்கிறார். அதற்குள் பெண்கள் பெஞ்சு மொத்தமும் கத்துகிறது: “உள்ள வாடி!”