கேட்டை

வாசுகியைப் பெண் பார்க்க வந்தபோது, அவள் பிறந்த கேட்டை நட்சத்திரத்தை அனுஷம் என்று மாற்றிச் சொன்னது அம்மாதான். கேட்டைக்காரி கால் வைத்தால் கணவனின் அண்ணனுக்கு ஆகாதாம். இயற்பியல் ஆசிரியையான வாசுகிக்கோ அது விருச்சிகத் தேளின் நெஞ்சில் சிவந்திருக்கும் பூதாகரமான விண்மீன். அதன் ஒளி இங்கே வந்துசேரவே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகும்.

இன்று அந்த அண்ணன் மாரடைப்போடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். அவர் மனைவி கோமதி, வெளியே காத்திருந்த வாசுகியிடம் தாளும் பேனாவுமாக வந்தாள்.

"எல்லார் பேருக்கும் அர்ச்சனைக்குக் குடுத்து விடுறேன் வாசுகி. உனக்கு அனுஷம்தானே?"

தலையாட்டினால் போதும். ஆனால் பொய் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பலிக்காமல் போய்விட்டால் என்ற பயம், படித்ததையெல்லாம் மீறி அவளைத் தடுத்தது.

"இல்லக்கா... கேட்டை."

கோமதி அதை எழுதவில்லை. மூடிய கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.