உள்ளிருந்து திறக்கும் கூடாரம்

வேட்டைக்குப் பெரிய கூடாரம் வேண்டும், ஆனால் ஒற்றை ஆளே அதை நிறுத்த முடிய வேண்டும் என்றார் கொம்பையா. கடைக்காரர் பீர்முகமது நடுக்கம்பை ஊன்றித் தூக்கினார். கூடாரம் கடையை அடைத்துக்கொண்டு எழுந்தது. "இவ்ளோ பெருசு எடுக்கியளே அண்ணாச்சி, கம்பு பிடிக்க ஆளு வராதா?" "படுக்க நாலு பேரு இருக்காவ. கம்பு பிடிக்கத்தான் ஆளில்ல." கரடி நுழையாதிருக்க வாசலை வெளியிலிருந்து கயிற்றால் கட்டிவிட்டு, காவலுக்கு இருப்பவன் அதன் குறுக்கே படுப்பது அவர்கள் கூட்டத்து வழக்கம். போன மாசியில் யானை வந்தபோது கொம்பையாதான் காவல். உள்ளே நாலு பேர் படுத்திருக்க, முடிச்சை அவிழ்க்காமலே மரமேறிவிட்டார்; அவர்களில் ஒருவரும் வெளியே வரவில்லை. இப்போது அவர் பீர்முகமதுவை உள்ளே போகச் சொல்லி, வாசல் ஜிப்பை வெளியிலிருந்து இழுத்து மூடினார். "திறந்துட்டு வாங்க பாப்போம்." பீர்முகமது உள்ளிருந்தே திறந்துகொண்டு சிரித்தபடி வந்தார். "சுளுவா இருக்குல்லா?" கொம்பையா மறுபடி அவரை உள்ளே அனுப்பி மூடினார். மூடிய வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றவர், திடீரென்று கடை அதிரக் கத்தினார்: "ஓடியாங்கல, எல்லாரும் வெளிய ஓடியாங்கல!"