விடுப்புக் கடிதத்தின் முதல் இடம்

ஆங்கில வாக்கியம் எழுதுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது ‘தட்’ (that) என்னும் இணைப்புச் சொல்லைத்தான். அந்தத் தட் என்பவள் இல்லாவிட்டாலும் வாக்கியம் குறையின்றி நிற்கும். அந்த அவமானம்தான் அவளைத் தின்றது.

மாணவி எஸ்தரின் கட்டுரை நோட்டில் ஒரு விடுப்புக் கடிதம் இருந்தது. காய்ச்சலாக இருப்பதால் விடுப்பு வேண்டும் என்று காரணம் சொல்லும் ‘ஆஸ்’ (as), அதன் முதல் இடத்தில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தாள்.

“இரண்டே எழுத்து உடம்பு, உனக்கு முதல் இடமா?” என்று பொருமினாள் தட்.

“ஏனடி வயிறெரிகிறாய்? ஊருக்கெல்லாம் விடுப்பு வாங்கித் தருகிறேன். எனக்கு ஒரு நாள் உண்டா? ஆசையாக இருந்தால் நீயே உட்கார்!” என்று எழுந்துகொண்டாள் ஆஸ்.

தட் பாய்ந்து அமர்ந்தாள். ஆனால் அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. காய்ச்சல் ஒரு பக்கமும் விடுப்பு ஒரு பக்கமுமாக வாக்கியம் பிளந்து கிடந்தது.

ஆசிரியை அவளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே ‘ஆஸ்’ என்று எழுதினார்.

எஸ்தர் பயந்துபோனாள். முன்பு எப்போதாவது ‘தட்’டுக்கு இடம் கொடுத்த வாக்கியங்களிலும் அதன்பின் அவளை எழுதவே இல்லை.